வலது முன்சக்கரத்தில் என்ன கோளாறு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காரின் வலது முன்சக்கரத்தை இன்று கழற்றினேன். நாலு நட்டில் மூன்று சொன்னபடி கேட்டன. நாலாவதைக் கழற்ற ஸ்பேனர் மேலேறி நின்று குதிக்க வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. தேவை என்பதால்தான் செய்கிறேன்.

ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் வேறு கதை கட்டக் கூடாது.

ஜூலை 20, சனிக்கிழமை. நானும் சாந்தாமணியும் உழவர் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முக்கில் லாரி குறுக்கே வந்தது. பிரேக்கை அமுக்கினேன். காலடியில் ஒன்றுமே இல்லை. கார் நிற்காமல் போய் டீக்கடை பெஞ்சை உடைத்துக்கொண்டு சுவரில் மோதி நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பீடி வாங்க அந்த நிமிஷம்தான் எழுந்து போயிருந்தார். என் மனைவிக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டதோடு சரி, அதற்குப் பிறகு கார் நகரவில்லை.

சர்வீஸ் செய்து எட்டே நாள் ஆன கார். செய்தவன் குழந்தைவேல். சாந்தாமணியின் ஒரே தம்பி. பொள்ளாச்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நான் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னேன்: பிரேக் போய்விட்டது, மச்சினன் வேலை லட்சணம் அவ்வளவுதான். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன பயம்.

நேற்று பள்ளிக்கூடத் தாளாளர் விசாலாட்சி அம்மா போன் செய்தார். அவர்கள் பள்ளியின் நாலு வேனையும் குழந்தைவேல்தான் பார்க்கிறான். நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், குழந்தைகள் ஏறும் வண்டி, உண்மைதானா என்று கேட்டார். 24ஆம் தேதி கமிட்டி கூடுகிறதாம், அதற்குள் எழுத்தில் தர முடியுமா என்றார். கழற்றிப் பார்த்து ரிப்போர்ட்டாகவே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்தவன். ஒரு கோன் நூலில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லுவேன். பிரேக் எம்மாத்திரம்.

குழந்தைவேல் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினான். குற்றம் செய்தவனே வந்து விசாரிக்க நம் ஊரில் வழக்கமில்லை என்று சொல்லியனுப்பினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

யூடியூபில் ஒரு மலையாளத்துக்காரர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். பாஷை பாதிதான் புரிகிறது, கை புரிகிறது.

சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தட்டை ஒரு கவ்வி பிடித்திருக்கிறது. காலிப்பர் என்று பெயர். அதற்குள் ஒரு பிஸ்டன். பெடலை அமுக்கினால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பிரேக் கட்டையைத் தட்டில் அழுத்தும், சக்கரம் நிற்கும். ஆயில் ஒழுகாமல் இருக்க பிஸ்டனைச் சுற்றி உள்ளே ஒரு ரப்பர் சீல். தூசி தண்ணீர் போகாமல் வெளியே ஒரு ரப்பர் உறை, அதுதான் பூட். இவ்வளவுதான் சமாச்சாரம். இதற்கு ஒர்க்‌ஷாப்காரர்கள் காட்டுகிற பந்தா தனி.

காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டு, அதன் வாயில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, உள்ளே ஏறி உட்கார்ந்து பெடலைப் பலமுறை அமுக்கினேன். பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து கட்டையில் முட்டியது. கட்டையை எடுத்து இன்னும் நாலு முறை அமுக்கியதும் தரையில் விழுந்தது. பிரேக் ஆயில் தெறித்து மட்கார்டில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிட்டது. அது போகட்டும்.

பூட்டில் கிழிசல். விரல் நகம் அளவு. பிஸ்டன் விளிம்பில் துரு.

சாந்தாமணி ஒற்றைக் கையால் தட்டில் இட்டிலி வைத்துக்கொண்டே என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். கிழிசலைக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதனால்தான் பிடிக்கவில்லையா என்றாள். வேறென்ன என்றேன். அவள் அதை மேஜைமேல் வைத்துவிட்டுச் சட்னி எடுக்கப் போனாள். தம்பியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை போலும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

புது சீலும் பூட்டும் வாங்க ஜாபர் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். நாற்பது வருஷமாக அதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். கிழிந்த பூட்டைக் காட்டி, பிரேக் போனதற்குக் காரணம் இதுதானே என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பூட் கிழிந்தால் தூசி போகும், துரு பிடிக்கும், நாளடைவில் பிஸ்டன் இறுகிப்போய்ச் சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும், பிரேக் இல்லாமல் போகாது என்றார். சீல் போயிருந்தால் சக்கரத்தில் ஆயில் ஒழுகியிருக்குமே, ஈரம் இருந்ததா என்றார். இல்லை. டப்பாவில் ஆயில் குறைந்திருந்ததா என்றார். மேல் கோடு வரை இருந்தது.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பிஸ்டனை எதை வச்சு வெளிய எடுத்தீங்க?"

பெடலை அமுக்கித்தான் என்றேன்.

"அப்ப பெடல் தள்ளியிருக்கே சார். தள்ளுற பெடலு அன்னிக்கு மட்டும் எப்படித் தள்ளாமப் போச்சு?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன். ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது என்றால் மில்லில் அதை விட்டுவிட்டு வரும் கோளாறு என்போம். அதுதான் பிடிபட நாளாகும். கோளாறு இருக்கிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவே.

வாசலுக்கு வந்த பிறகு சாந்தாமணி கேட்டாள், வலது கால் செருப்பு எங்கே என்று. குனிந்து பார்த்தால் இல்லை. பூக்கடைக்காரம்மா பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்தார், நூறடி தள்ளிக் கிடந்ததாம். யோசனையில் இருந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பிஸ்டன் துருவை ஈர எமரித் தாளால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். காலிப்பர் உள்பக்கத்தையும் துடைத்தேன். மில்லில் ரோலர், பேரிங் எதுவானாலும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் சுத்தம் செய்வோம். புது சீலையும் பூட்டையும் அப்படியே ஒரு டம்ளரில் ஊறப்போட்டிருக்கிறேன். நாளைக் காலையில் மாட்டிவிடலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சீல் உப்பிவிட்டது. நேற்று பிஸ்டனில் கச்சிதமாக உட்கார்ந்த வளையம் இன்று வளையல் மாதிரி தொளதொளவென்று ஆடுகிறது. பூட் அப்பளம்.

ஜாபர் பாய்க்குப் போன் செய்தேன். மண்ணெண்ணெயா என்று இரண்டு முறை கேட்டார். பிரேக் ரப்பருக்கு மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் எதுவும் ஆகாதாம். பிரேக் ஆயிலில் மட்டும்தான் நனைக்கணுமாம். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

முப்பத்தொரு வருஷ அனுபவம் ஒரு டம்ளர் மண்ணெண்ணெயில் போயிற்று. அடுத்த செட் திருப்பூரிலிருந்து வர ஒரு வாரம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குழந்தைவேல் வந்தான். அக்காவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவள் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலில் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தான், எதையும் தொடவில்லை. ஆள் இளைத்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வேனை ஏற்கெனவே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். மற்ற மூன்றும் கமிட்டி முடிவைப் பொறுத்தாம். அந்த நாலு வேனும் போய்விட்டால் ஒர்க்‌ஷாப்பை மூடவேண்டியதுதான் என்று சாதாரணமாகச் சொன்னான். பள்ளிக்கூடமே ஒதுக்கிய ஆளிடம் வேறு யார் வண்டியை விடுவார்கள்.

நான் எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன் என்றேன்.

"சரிங்க மாமா. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. கார் வந்தப்ப இஞ்சின் ஒரே எரைச்சலாப் போட்டுச்சுன்னு டீக்கடைக்காரர் சொல்றாருங்க. பிரேக்கு அமுக்குனா இஞ்சின் ஏனுங் மாமா எரையுது?"

டீக்கடைக்காரன் ஒன்றைப் பத்தாக்குகிற ஆள், பெஞ்சுக்கு நஷ்டஈடு அதிகம் கிடைக்கும் என்று சொல்லியிருப்பான் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். குழந்தைவேல் தலையாட்டிவிட்டு பைக்கை எடுத்தான். சாந்தாமணி கேட் வரைக்கும் போய் நின்றாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். கோபமா, பாவம் என்று நினைக்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. நாற்பது வருஷமாகக் கூடவே இருக்கிறாள், அந்தப் பார்வையை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

இஞ்சின் ஏன் இரைந்தது?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் குளிக்கும்போது பார்க்கிறேன், வலது உள்ளங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டவில்லை. உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் புண், மருந்து போட்டிருக்கிறது. காரிலிருந்து விழுந்த கிளிப் ஒன்று குத்தியிருக்க வேண்டும். எப்போது குத்தியது என்று தெரியவில்லை.

சாந்தாமணியைக் கேட்டேன். நேற்று ஹாலில் நீங்கள் நடந்த இடமெல்லாம் ரத்தப் புள்ளி, மத்தியானம் நீங்கள் தூங்கும்போது துடைத்து ஒட்டினேன் என்றாள். எழுப்பியிருக்கலாமே என்றேன். மருந்து போட்டபோதே எழுந்திருக்கவில்லை, எழுப்பி என்ன ஆகப்போகிறது என்றாள்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்ற மைக்செட் காலையிலிருந்து அலறுகிறது. சும்மா இருக்க முடியாமல் காரின் டாஷ்போர்டைச் சுத்தம் செய்தேன். பழைய டோல் ரசீதுகளுக்கு நடுவில் குழந்தைவேல் சர்வீஸ் முடித்துக் கொடுத்த சீட்டு இருந்தது. கடைசி வரியில் அவன் கையெழுத்தில்: வலது முன் பூட் கிழிஞ்சிருக்கு, சீலோட மாத்தணும், அவசரமில்ல, மழைக்கு முன்னாடி கொண்டாங்க.

சொல்லியிருக்கிறான். நான் படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டு மறந்துவிட்டேன். எது என்று இப்போது தெரியவில்லை.

அவசரமில்லை என்று எழுதியது தப்புதானே என்று முதலில் தோன்றியது. ஜாபர் பாயும் அதையேதான் சொன்னார் என்பது பிறகு ஞாபகம் வந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாந்தாமணியிடம் காட்டவில்லை. சாயங்காலம் வழக்கம்போல இன்று என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 17, சனி

புது செட் வந்தது. மூன்று மணி நேர வேலை.

புதுப் பிரேக் ஆயிலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி சீலை நனைத்து, காலிப்பருக்குள் இருக்கும் பள்ளத்தில் விரலாலேயே உட்காரவைத்தேன். முறுக்கிக்கொள்ளாமல் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். விரல் இன்னும் பொய் சொல்லவில்லை. பூட்டின் ஓர் உதட்டைக் காலிப்பரில் மாட்டி, இன்னோர் உதட்டைப் பிஸ்டன் வரிப்பள்ளத்தில் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் நழுவும். பதினோராவது தடவை டப்பென்று உட்கார்ந்தது. பிஸ்டனை இரண்டு கட்டைவிரலாலும் நேராக அழுத்தினேன், வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் இறங்கியது. காலிப்பர் நகரும் சறுக்குக் கம்பிகளின் உறையையும் மாற்றி, ரப்பருக்கென்றே ஜாபர் பாய் தனியாகக் கொடுத்த கிரீஸைத் தடவி எல்லாவற்றையும் மாட்டினேன்.

வேலை சுத்தம். இதைவிடச் சுத்தமாக யாரும் செய்ய முடியாது. இப்படி ஒரு திருப்தி மில்லை விட்டு வந்த பிறகு இன்றுதான்.

ஆனால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

புதிதாக மாட்டிய பிறகு குழாயில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடித்திருக்க, மற்றவர் காலிப்பரில் உள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடின பிறகுதான் பெடலை விடலாம். சாந்தாமணி மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த சீட்டில் உட்காருகிறாளாம்.

நான் சக்கரத்தடியில் உட்கார்ந்து அமுக்கு என்பேன். புடிச்சிருக்கேன் என்பாள். நிப்பிளைத் திறந்தால் குழாயில் குமிழி குமிழியாக வரும். மூடிவிட்டு, விடு என்பேன். விட்டாச்சு என்பாள். இருபது தடவை இருக்கும். ஒரு தடவைகூட அவள் தப்பு செய்யவில்லை. கடைசியில் குமிழியே இல்லாமல் ஆயில் மட்டும் வந்தது. பெடல் கல் மாதிரி நிற்கிறது என்றாள்.

நான் ஏறி உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தேன். காலடியில் ஒன்றுமே இல்லை. ஜூலை 20 அன்று இருந்த அதே வெறுமை.

இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி எடுக்கலாம் என்றேன். எடுத்தோம். அவளுக்குக் கல், எனக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே. ஒரே பெடல், ஒரே ஆயில், ஆளுக்கு ஒரு மாதிரி வேலை செய்கிற இயந்திரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சாந்தாமணி சேலை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, நீங்களே அமுக்குங்கள், நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நல்ல கையால் சுற்றினாள். அமுக்குங்க என்றாள். அமுக்கினேன். நின்றுவிட்டது என்றாள். சரி, பிரேக் பிடிக்கிறது. விடுங்க என்றாள். விட்டேன்.

"விடுங்க."

விட்டுவிட்டேன் என்றேன்.

"சக்கரம் சுத்தலீங்க."

சீல் மறுபடியும் உப்பியிருக்கும், பிஸ்டன் இறுகிவிட்டது, திரும்பக் கழற்ற வேண்டும் என்றேன். ரிப்போர்ட்டுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். அவள் எழுந்து வந்து கதவுக்குள் குனிந்தாள்.

"உங்க காலைப் பாருங்க."

பார்த்தேன். என் வலது கால் பெடலின் மேலேயே இருந்தது. பெடல் பாதிக்கு மேல் அமுங்கியிருந்தது. நான் எடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். அது என் கால்தான், என் வேட்டிக்குக் கீழே இருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே தூக்கினேன். அவள் திரும்பிப் போய்ச் சக்கரத்தைத் தள்ளினாள், அது சுற்றும் சத்தம் கேட்டது.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அவளைக் கேட்டேன்.

"செருப்பு தெருவுல கெடந்தப்பவே தெரியுமுங்க. நாஞ் சொன்னா தம்பிக்குப் பரிஞ்சுட்டுப் பேசறேன்னு சொல்லுவீங்க. நீங்களாக் கண்டுபுடிக்கட்டும்னு இருந்தேன்."

பிறகு என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்திரியை மாற்றினாள். அவள் விரல் படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

எழுத இருக்கிறது. இந்த நோட்டில் எழுதாமல் விட்டது ஒன்று.

போன வருஷம் ஜூன் மாதம் சர்க்கரை டாக்டர் என் காலைச் சோதித்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். முதல் இரண்டு தடவை எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது தடவை கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டே தெரிகிறது என்றேன். பத்துக்கு எட்டு தேறிவிட்டேன். இல்லையென்றால் வண்டி ஓட்டக் கூடாது என்பார் என்று எனக்குத் தெரியும். முந்தின ஆளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், வெளியே உட்கார்ந்து கேட்டேன்.

மில்லில் சோதனை வைக்கிறபோது ஒருவன் ஏமாற்றினால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பச் சொல்லி எழுதுவேன். மூன்று பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 20 அன்று நான் அமுக்கியது பிரேக்கை அல்ல. பக்கத்தில் இருக்கும் ஆக்சிலரேட்டரை. அதனால்தான் இஞ்சின் இரைந்தது. பெஞ்சில் அந்த ஆள் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ரிப்போர்ட்டை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும், "வயது காரணமாக", "எதிர்பாராத விதமாக" என்றெல்லாம் வந்துகொண்டே இருந்தது. மில்லில் யாராவது இப்படி எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடைசியில் எழுதியது:

வலது முன் பிரேக் பிரித்துச் சோதிக்கப்பட்டது. பூட்டில் சிறு கிழிசல். பிரேக் பிடிப்பதை இது பாதிக்காது. இதைச் சர்வீஸ் செய்தவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார், சீட்டு இணைப்பில். சீலில் ஒழுகல் இல்லை. பிரேக்கில் கோளாறு இல்லை. ஓட்டியவர் க. தேவசிகாமணி. அவருக்கு வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை. பதின்மூன்று மாதமாகத் தெரிந்தே மறைத்து ஓட்டியிருக்கிறார். விபத்துக்குக் காரணம் அவரே. சர்வீஸ் செய்த குழந்தைவேல் மீது எந்தக் குறையும் இல்லை.

சாந்தாமணியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துக்குக் கீழே தேதி போடவில்லை என்றாள். போட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் போனோம். கமிட்டி என்று ஐந்து பேர். குழந்தைவேலையும் வரச் சொல்லியிருந்தார்கள், சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

காகிதத்தை நீட்டினேன். விசாலாட்சி அம்மா மனதுக்குள் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய்விட்டுப் படிக்கலாமா என்று கேட்டார். நானே படிக்கிறேன் என்று வாங்கிப் படித்தேன். மறைத்து ஓட்டியிருக்கிறார் என்ற இடத்தில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்று வேன் குழந்தைவேலிடமே இருக்கும் என்று முடிவு செய்தார்கள். நாலாவதை வேறு ஒர்க்‌ஷாப்பில் விட்டது விட்டதுதானாம், ஒரு வருஷத்துக்குப் பேசிவிட்டார்களாம். அது என்னால் போனது. அதைத் திரும்ப வாங்கித் தர எனக்கு வழி தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவனிடம் போய் நின்றேன். அவன்தான் பேசினான்.

"ஒரு மாசமா ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவனுங்க மாமா. எந்த நட்ட விட்டேன், எந்த நட்ட விட்டேன்னு. எங் கையையே நம்ப முடியாமப் பண்ணிட்டீங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அக்காவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

யார் யாரிடம் பிரேக் போச்சு என்று சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதினேழு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். வரும் வழியில் டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஜாபர் பாயிடம் போனில் சொன்னேன். அவர் முதலிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், உடம்பைப் பாருங்கள் சார் என்றார். பாக்கிப் பதினைந்து பேர்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காலைச் சோதிக்க நாள் வாங்கியிருந்தாள் சாந்தாமணி. பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தோம். ஏழு மணிக்கு வாசலில் பைக் நின்றது. குழந்தைவேல். அக்கா போன் செய்தாளா, தானாக வந்தானா, நான் கேட்கவில்லை.

காரைச் சுற்றி வந்தான். குனிந்து வலது முன்சக்கரத்துக்குள் பார்த்தான். கையை விட்டு பூட்டைத் தடவினான். ஏறி உட்கார்ந்து பெடலை நாலு தடவை அமுக்கினான். தெருக்கோடி வரை ஓட்டிப் போய், திடீரென்று பிரேக் போட்டு நிறுத்தி, திருப்பிக்கொண்டு வந்தான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி.

"சீலு நல்லா உக்காந்திருக்குங்க மாமா. சுத்தமாத்தான் பண்ணியிருக்கீங்க."

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா முன்னால் உட்காரட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்றான். இந்தக் காரை வாங்கிப் பதினொரு வருஷம். பின்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கே ஜன்னல் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி உடைந்திருப்பதே இன்றுதான் தெரியும். அவர்கள் இருவரும் முன்னால் ஏதோ சின்னம்மா வீட்டு விசேஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என்னையும் இரண்டு வார்த்தை கேட்டார்கள்.

ஊர் எல்லையில் முதல் வேகத்தடை வந்தது. குழந்தைவேல் பிரேக்கை மிதித்தான், கார் மெத்தென்று அடங்கியது. நான் குனிந்து பார்த்தேன். பின்சீட்டில் என் வலது கால், முன்னால் இருக்கும் பெடலை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு, வெறும் தரையைப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. பார்த்ததால்தான் தெரிந்தது.